லெவாசாவின் வாய்

அன்று காலை லெபுனா ஊர்த்திடலில், எங்கள் பெரிய வீட்டில் இருந்தவர்கள் இவர்கள். என் தம்பி லெவாசா கலோலோ, எங்கள் மாவட்டத்தின் பெருந்தலைவர், அந்த ஆண்டு நாட்டின் பிரதமரும்கூட. அவர் மனைவி மெரிபா. அவர்கள் மகள் லூப்பே, மணப்பெண். எங்கள் குடும்பத்தின் பேச்சுத்தலைவர் சுவாங்கா. தலைநகர் ஆப்பியாவிலிருந்து வந்திருந்த அமைச்சர் விலியாமு. எங்கள் ஊர்ச்சபைத் தலைவர்கள், தத்தம் தூணடியில். பிறகு நான், ஃபுவாதினோ, லெவாசாவுக்கு அக்கா. திடலுக்கு அந்தப் பக்கம், விருந்தினர் வீட்டில், உப்போலுத் தீவிலிருந்து வந்த மாப்பிள்ளை வீட்டார்: அவர்களுடைய பெருந்தலைவர் துவாதோலோ, அவர் மகன், அவர்களுடைய கிழப் பேச்சுத்தலைவர் லாயூ. பாதிரியார் காலை ஜெபத்தை முடித்துக்கொண்டு தேவாலயத்தில் பூ வைக்கிறவர்களை அதட்டப் போய்விட்டார். நடந்ததை அவர் பார்க்கவில்லை.

வேறு யாராவது தானும் அந்த வீட்டில் இருந்ததாகச் சொன்னால், அவர் ஈரப்பலா மரத்தடியில் நின்றிருந்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து பாதிதான் கேட்கும். மீதியை அவரே சேர்த்துக்கொண்டிருப்பார்.

லெவாசா என்பது பட்டம். பெற்றவர்கள் வைத்த பெயர் கலோலோ. நியூசிலாந்தில் படித்துவிட்டு வந்து, கொக்கோத் தோட்டம் போட்டு, வெயிலில் கறுத்து, தன் பாட்டுக்கு இருந்தவர் அவர். முந்தைய லெவாசா, எங்கள் பெரியப்பா, இறந்ததும் குடும்பத்தின் எல்லாக் கிளைகளும் பெரிய வீட்டில் கூடி, பட்டம் யாருக்கு என்று நாட்கணக்கில் வாதாடின. இறந்தவரின் தங்கை, எங்கள் அத்தை, எல்லோரும் பேசி ஓயட்டும் என்று காத்திருந்துவிட்டுக் கடைசியில் "கலோலோ" என்று ஒரு வார்த்தை சொன்னார். அதோடு முடிந்தது. உடன்பிறந்தவளின் சொல்லுக்கு எங்களில் அத்தனை கனம்.

பட்டம் வந்த பின் பாராளுமன்றம் வந்தது. பிறகு அமைச்சர் பதவி, பிறகு பிரதமர் பதவி. வரிசை அதுதான். பிரதமர் ஆனதால் அவர் பெரிய மனிதர் ஆனார் என்று ஆப்பியாவில் சிலர் நினைக்கிறார்கள். பெரிய மனிதர் என்பதால்தான் அவரைத் தேடி வந்து பிரதமர் ஆக்கினார்கள்.

ஆனால் ஒரு சங்கடம் இருந்தது. எந்த லெவாசாவும் ஊர்த்திடலில் வாய் திறப்பதில்லை. அவருக்காகப் பேசுவது சுவாங்கா. அதுவும் பட்டம்தான், எங்கள் பட்டம் எவ்வளவு பழையதோ அவ்வளவு பழையது. சுவாங்கா வெறுங்காலுடன் புல்லில் நின்று, உயரமான கைத்தடியை ஊன்றி, தென்னை நாரில் செய்த சாமரத்தைத் தோளில் போட்டுக்கொண்டு எங்கள் வம்சத்தைச் சொல்வார். லெவாசா தூணில் முதுகைச் சாய்த்துக் கடற்காற்றைப் பார்த்துக்கொண்டிருப்பார். தன் பெருமையைத் தானே பேசுகிறவனிடம் பேசுவதற்கு என்ன பெருமை இருக்கும்?

பாராளுமன்றத்தில் இந்த வழக்கம் இல்லை. அங்கே எல்லோரும் தங்கள் வாயாலேயே பேச வேண்டும். கலோலோ முதல் தடவை உறுப்பினராக உட்கார்ந்தபோது, கொக்கோ விலை பற்றி ஒரு கேள்வி அவரிடம் வந்தது. அவர் எழுந்திருக்கவில்லை. திரும்பிச் சுவாங்காவைப் பார்த்தார். எங்கள் மாவட்டத்துக்கு இரண்டு இடங்கள். இன்னொன்றில் வென்று சுவாங்காவும் அதே சபையில் இருந்தார், எதிர்க்கட்சி வரிசையில். அவர் மெதுவாகத் தலையை ஆட்டினாராம். 'இங்கே நான் உங்கள் வாய் இல்லை' என்று அர்த்தம். சபாநாயகர் காத்திருந்து பார்த்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார். பத்திரிகைக்காரன் ஒருவன் லெவாசாவுக்குப் பயம் என்று எழுதினான். பயம் அல்ல. மரியாதை. அது அவனுக்குத் தெரியவில்லை.

பிறகு அவர் பேசக் கற்றுக்கொண்டார். நன்றாகவே கற்றுக்கொண்டார். வானொலியில் அவர் குரல் வந்தால் எங்கள் ஊரில் தேங்காய் உரிக்கிற கை நின்றுவிடும்.

சுவாங்காவும் சளைத்தவர் இல்லை. வாரம் முழுவதும் அந்தச் சபையில் என் தம்பியை உரித்துத் தொங்கவிடுவார். "பிரதமரின் வரவு செலவுத் திட்டம் கல் போடாத அடுப்பு, புகைதான் வரும், எதுவும் வேகாது" என்று அவர் பேசியதை நானே வானொலியில் கேட்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்கள் சவாயீத் தீவுக்குத் திரும்பும் கப்பலில் இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து வருவார்கள். ஒரே ரொட்டி, ஒரே மீன் டின். சனிக்கிழமை ஊரில் ஏதாவது விசேஷம் என்றால் சுவாங்கா திடலில் நின்று, "எங்கள் விடிவெள்ளி, எங்கள் பவளப்பாறையைக் காக்கும் லெவாசா" என்று ஆரம்பிப்பார். இதில் எங்களுக்கு ஒரு குழப்பமும் இருந்ததில்லை. குழப்பம் ஆப்பியாவிலிருந்துதான் வந்தது.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பே அமைச்சர் விலியாமு வந்து சேர்ந்தார். நல்ல பிள்ளை. வெலிங்டனில் சட்டம் படித்தவர். வந்த இடத்தில் வெட்டியாக உட்காராமல் பந்தல் கம்பு நட ஆட்களோடு சேர்ந்துகொண்டார். ஆனால் அடுத்த வாரம் வரவு செலவுத் திட்டத்தின் மேல் வாக்கெடுப்பு. எங்கள் பக்கம் பெரும்பான்மை நூலிழையில் இருந்தது. அது அவரைத் தூங்க விடவில்லை.

"அம்மா, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?" என்றார் என்னிடம். நான் பெண்களோடு, கல்யாணச் சீராகக் கைமாறும் நுண்பாய்களை வெயிலில் விரித்துக்கொண்டிருந்தேன்.

"சொல்லிப் பாருப்பா. கோவிக்கிறதா வேண்டாமான்னு அப்புறம் பாக்கலாம்."

"சுவாங்கா பேச வேண்டாம். பத்திரிகைக்காரங்க வர்றாங்க. எதிர்க்கட்சிக்காரர் ஒருத்தர் பிரதமருக்காகப் பேசறாருன்னு போட்டோ வந்தா, 'வீட்டுல ஒட்டு, சபையில வெட்டு'ன்னு எழுதுவாங்க. நம்ம ஆளுங்களே சந்தேகப்படுவாங்க. பிரதமரே நாலு வார்த்தை பேசிட்டா என்ன? எவ்வளவு அழகாப் பேசுறாரு."

"பிரதமர் பேசலாம்பா. எங்க பேசணுமோ அங்க பேசட்டும். இங்க பிரதமர் யாரும் இல்ல. லெவாசா இருக்காரு."

"ரெண்டும் ஒரே ஆள்தானே அம்மா?"

"ஒரே ஆள்தான். உன் அப்பாவும் உங்க அம்மாவோட புருஷனும் ஒரே ஆள்தான். அதுக்காக நீ அவரைப் புருஷான்னு கூப்பிடுவியா?"

பாய் விரித்த பெண்கள் சிரித்துவிட்டார்கள். விலியாமுவும் சிரித்துக்கொண்டே கம்பு நடப் போனார். நான் சிரிக்கவில்லை. இந்தச் சம்பந்தம் சாதாரணமானது அல்ல. துவாதோலோவின் குடும்பமும் எங்கள் குடும்பமும் சில தலைமுறைகளாக ஒருவருக்கொருவர் பெண் கொடுத்ததில்லை. அதற்குக் காரணம் ஒரு பழைய சண்டை. லூப்பே அந்தப் பையனை விரும்பி, அவனும் இவளை விரும்பி, இரண்டு பக்கமும் இறங்கிவந்து முடிவான கல்யாணம். அவர்கள் நுண்பாய்களைக் கொண்டுவந்து திடலுக்கு அந்தப் பக்கம் வைப்பார்கள். அவர்கள் பேச்சுத்தலைவர் பேசுவார். நம் பேச்சுத்தலைவர் பதில் சொன்ன பிறகுதான் பாயின் மடிப்பு பிரியும். பதில் இல்லையென்றால் பாய் வந்த வழியே கப்பல் ஏறும். பெண்ணும் நம் வீட்டிலேயே இருப்பாள்.

கல்யாணத்தன்று சபைக்குரிய காவா வேர்ப்பானம் பரிமாறி முடிந்தது. எங்கள் ஊரின் மூன்று பேச்சுத்தலைவர்களும், யார் பேசுவது என்று ஒருவரையொருவர் உபசரித்துக்கொண்டார்கள். "நீங்க பேசுங்க." "இல்ல, உங்க முன்னாடி நான் பேசுறதா?" அது மரியாதைக்கு நடக்கிற இழுபறி, கடைசியில் சுவாங்காதான் எழுந்திருப்பார். முதலில் அந்தப் பக்கத்துக் கிழவர் லாயூ பேசினார். பல் இல்லாத வாய், ஆனால் ஒரு சொல்லும் சிதறவில்லை. நன்றாகப் பேசினார் என்று எதிரியாக இருந்தாலும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

பிறகு சுவாங்கா. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. லூப்பே தலையில் கொண்டை அணியைச் சுமந்து, கழுத்து வளையாமல் பாய் மேல் உட்கார்ந்திருந்தாள். சுவாங்கா எங்கள் வம்சத்தை முதல் லெவாசாவிலிருந்து இறக்கிக்கொண்டு வந்தார். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு நிறுத்தம், ஒவ்வொரு நிறுத்தத்திலும் சாமரத்தை ஒரு வீச்சு. எங்கள் முப்பாட்டனார் வரைக்கும் வந்தார். அங்கே ஒரு பெயரைத் தாண்டி அடுத்த பெயருக்குப் போனார்.

என் தம்பி வலது கையைத் தூக்கினார்.

"மாண்புமிகு சபாநாயகர் அவர்களே, ஒழுங்குப் பிரச்சினை. ஒரு தலைமுறை விடுபட்டிருக்கிறது."

வானொலியில் நாடு முழுவதும் கேட்கிற குரல் அது. விருந்தினர் வீட்டின் கடைசித் தூண் வரைக்கும் கேட்டது. சொல்லி முடித்த பிறகுதான் தன் கை உயரத்தில் இருப்பது அவருக்கே தெரிந்தது. அதை என்ன செய்வது என்று தெரியாமல் மெதுவாக முழங்காலுக்குக் கொண்டுவந்தார்.

எதிர்ப்பக்கம் லாயூவின் உதடு ஒரு பக்கமாக இழுத்தது. சிரிப்பா, அவமானமா என்று எனக்குத் தெரியவில்லை.

சுவாங்கா கைத்தடியைப் புல்லில் படுக்க வைத்தார். அதன் மேல் சாமரத்தை வைத்தார். எங்கள் வீட்டைப் பார்த்துத் தலை வணங்கினார்.

"லெவாசாவுக்கு வாய் கிடைச்சிடுச்சு. ரொம்ப சந்தோஷம். இனிமே எனக்கு இங்க வேலை இல்ல" என்றார். திடலைக் கடந்து தன் வீட்டுக்கு நடந்து போனார். ஓடவில்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை.

சுவாங்காவின் கோல் புல்லில் கிடக்கும்போது வேறொரு பேச்சுத்தலைவர் தன் கோலை ஊன்ற முடியாது. எங்கள் மற்ற இரண்டு பேரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். விலியாமு என் தம்பியின் பக்கம் சாய்ந்து, "ஐயா, மீதியை நீங்களே முடிச்சிடுங்க, நேரம் போகுது" என்றார். உதவி செய்கிற எண்ணத்தில்தான் சொன்னார். என் தம்பியும் பதற்றத்தில் ஒரு கையை ஊன்றி எழப்போனார்.

"கலோலோ, உக்காரு" என்றேன்.

பட்டம் வந்த நாளிலிருந்து மற்றவர் முன்னால் நான் அவரை அந்தப் பெயரால் கூப்பிட்டதில்லை. அவர் உட்கார்ந்தார்.

எங்கள் பெண்களை எழுப்பி, எதிர் வீட்டாருக்காகப் பாட்டும் ஆட்டமும் தொடங்கச் சொன்னேன். வந்தவர்கள் வெறுமனே உட்கார்ந்திருக்கக் கூடாது. மெரிபா பின்பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்தார். "அண்ணி, கல்லடுப்பைத் திறக்கிற நேரம் ஆச்சு. பன்றி கரியாகட்டுமா?"

"திறக்காதே. ஆட்டம் முடியறதுக்குள்ள வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுச் சுவாங்காவின் வீட்டுக்கு நடந்தேன். நானே போனேன். ஆள் அனுப்பவில்லை. ஆள் அனுப்பினால் அது கட்டளை. நான் போனால் அது மரியாதை.

சுவாங்கா பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்து, அவித்த பச்சை வாழைக்காயை உரித்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி சியாலே விசிறிக்கொண்டிருந்தார்.

"வாங்க அக்கா, உக்காருங்க. வாழைக்காய் சாப்பிடுறீங்களா?"

"கல்யாண வீட்டுல பன்றி வெந்துகிட்டிருக்கு. நீ வாழைக்காய் உரிச்சுகிட்டிருக்கே."

"வாய்க்கு வேலை போயிடுச்சு. வயித்துக்காவது வேலை குடுக்கலாமேன்னுதான்."

"பாராளுமன்றத்துல அவன் உன்னைக் குறுக்கிட்டதே இல்லையா?"

"தினமும்தான். நானும் அவரைக் குறுக்கிடுவேன். அது அந்த வீட்டு வழக்கம். அங்க நான் உக்கார்றது அரசாங்க நாற்காலியில. இங்க நிக்கிறது எங்க பாட்டன் நின்ன புல்லுல."

"மறதியில சொல்லிட்டான், சுவாங்கா."

"மறதிதான். எனக்குத் தெரியாதா? கோபத்துல சொல்லியிருந்தா அங்கேயே நின்னு சிரிச்சிருப்பேன்." அவர் வாழைக்காயைக் கீழே வைத்தார். "இத்தனை வருஷம் அந்த மனுஷனோட வாயா இருந்திருக்கேன். ஒரு நிமிஷம் அவருக்கு நான் யாருன்னே மறந்துபோச்சு. என்னை யாரோ ஒரு உறுப்பினர்னு நெனச்சுட்டாரு. அதுதான் அக்கா உறைக்குது."

நான் அவருக்கு எதிரே பாயில் உட்கார்ந்தேன்.

"அந்தத் தலைமுறையை நான் ஏன் விட்டேன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்றார்.

"தெரியும்." அந்தத் தலைமுறையில்தான் எங்கள் முப்பாட்டனாரின் மகன், துவாதோலோவின் முன்னோரைக் கடற்பாறை வரைக்கும் துரத்திக்கொண்டு போனார். அதுதான் அந்தப் பழைய சண்டை.

"பொண்ணு குடுக்கற அன்னிக்கு, 'உங்க பாட்டனை எங்க பாட்டன் துரத்தினாரு'ன்னு சொல்லுவேனா? அலுங்காமக் குலுங்காமச் சுத்தி வந்தேன். இவரு கையைத் தூக்கிட்டாரு."

"என்கிட்ட மூணு நாளா ஒத்திகை பார்த்தாரு அக்கா" என்றார் சியாலே, விசிறியை நிறுத்தாமல். "எனக்கே மனப்பாடம். வேணும்னா மீதியை நான் வந்து பேசட்டுமா?"

"நீ சும்மா இரு" என்றார் சுவாங்கா. ஆனால் அவர் கண் கொஞ்சம் இளகியிருந்தது.

"சரி, என்ன வேணும் உனக்கு? சொல்லு" என்றேன்.

"எனக்கு ஒண்ணும் வேண்டாம். ஊருக்கு என்ன வழக்கமோ அது. பேச்சுத்தலைவர் கோல் ஊன்றி நிக்கும்போது குறுக்கிட்டவனுக்கு என்ன?"

"தண்டம்."

"போன வருஷம் என் மச்சான் நடுவுல எழுந்து கோழியை விரட்டினான். அவனுக்குப் பன்றியும் மீன் டின் பெட்டியும் போட்டது யாரு? லெவாசா உக்காந்திருந்த சபைதானே?"

என் முதுகு விறைத்தது. "லெவாசாவுக்கு எவனும் தண்டம் போட்டதில்ல, சுவாங்கா."

"எந்த லெவாசாவும் வாய் திறந்ததில்ல, அக்கா."

நான் எழுந்துவிட்டேன். வழியெல்லாம் அந்தப் பதில் என்னோடு நடந்து வந்தது. எங்கள் வீட்டின் முன்னால் கொண்டுவந்து வைக்கப்பட்ட தண்டங்களை நான் பார்த்திருக்கிறேன். எங்கள் வீட்டிலிருந்து ஒரு தண்டம் போனதில்லை. அது எங்கள் குடும்பத்தின் நிமிர்வு. நாளைக்குப் பெயர் சொல்லும்போது, 'தண்டம் கட்டிய லெவாசா' என்று ஒருவரைச் சொல்லப்போகிறார்கள். அவர் என் தம்பியாக இருக்கப்போகிறார். மறுபக்கம், பிரியாத பாய்கள்.

சமையல் கொட்டகையின் பின்னால் என் தம்பி எனக்காகக் காத்திருந்தார். நான் நடந்ததைச் சொன்னேன். தண்டம் என்று சொல்லும்போது எனக்கே நாக்குக் கூசியது. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கோபமோ அழுகையோ என்று நினைத்தேன். தோள் குலுங்கியது. சிரித்துக்கொண்டிருந்தார்.

"போன மாசம் சர்க்கரைக்கு வரி போட்டேன் அக்கா. நாடே என்னைத் திட்டித் தீர்த்துச்சு. ஆனா என் முகத்துக்கு நேரா ஒருத்தனும் தண்டம் கேக்கல. நம்ம ஊருக்காவது அந்தத் துணிச்சல் இருக்கே."

"சிரிக்கிற விஷயம் இல்ல இது."

"இல்லதான்." சிரிப்பை நிறுத்தினார். "அவன் நடந்து போனப்ப, என் வாய்க்குள்ள ஒண்ணுமே இல்லாத மாதிரி இருந்துச்சு. நான் கட்டத் தயார். ஆனா இது என் தனிச் சொத்து இல்லையே, குடும்பத்தோட பேரு. நீ வேண்டாம்னா வேண்டாம். நீதான் சொல்லணும்."

அவர் அப்படிக் கேட்டது சரி. கேட்க வேண்டியது என்னைத்தான். கொட்டகை மறைப்பின் இடுக்கு வழியாக லூப்பே தெரிந்தாள். கொண்டையின் கனத்தில் நெற்றியில் வேர்வை வழிந்தது. துடைக்கக் கை உயரவில்லை; கழுத்தும் வளையவில்லை. அவள் இன்னும் உட்கார்ந்திருந்தாள், பாய் பிரியும் என்று நம்பிக்கொண்டு.

"கட்டு" என்றேன். "ஆனா ஒரு நிபந்தனை. ஊருக்காகத் தண்டத்தை அறிவிக்கிறதும் சுவாங்காதான். உனக்காக அதை ஏத்துக்கிறதும் சுவாங்காதான். நீ இன்னிக்கு இனிமே தும்மக் கூடாது."

சுவாங்காவுக்குச் சொல்லி அனுப்ப வேண்டியிருக்கவில்லை. மரத்தடிக் கூட்டத்துக்கு அவ்வளவு காதாவது இருந்தது; அவர்களே ஓடிப்போய்ச் சொல்லிவிட்டார்கள். ஆட்டம் முடிவதற்குள் அவர் திடலுக்கு வந்துவிட்டார். சபைத் தலைவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். ஒவ்வொருவரும் கண்ணை மூடித் திறந்து சம்மதம் சொன்னார்கள். குனிந்து கோலையும் சாமரத்தையும் எடுத்தார். சாமரத்தை இடது தோளில் போட்டார்.

"லெபுனாவின் சபை பேசுகிறது" என்றார். குரல் கடுமையாக இருந்தது. "லெவாசா, உங்கள் நிழலில் நாங்கள் உட்கார்ந்திருக்கிறோம். அந்த நிழல் இன்று பேசியது. நிழல் பேசினால் மரத்தடியில் இருப்பவர்கள் பயப்படுவார்கள். ஆகவே ஊரின் மிகப் பெரிய பன்றியையும், மீன் டின் பெட்டிகளையும், ஊருக்குப் போதுமான கிழங்கையும் தண்டமாகக் கேட்கிறோம்."

அப்புறம் அவர் உடம்பைத் திருப்பினார். சாமரத்தை வலது தோளுக்கு மாற்றினார். குரல் தாழ்ந்து, இளகி, என் தம்பியின் குரல் மாதிரியே ஆனது. இப்போது லெவாசா பேசினார், சுவாங்காவின் வாயால்.

"என் ஊரே, வெளியூர்க்காரனுக்கு யாரும் தண்டம் போடுவதில்லை. ஆப்பியாவில் எனக்குக் கார் இருக்கிறது, கதவு திறக்க ஆள் இருக்கிறான். என் தவறை முகத்துக்கு நேரே சொல்ல அங்கே ஒருவரும் இல்லை. நீங்கள் சொன்னீர்கள். நான் இன்னும் உங்கள் பிள்ளை என்று தெரிந்துகொண்டேன். கேட்டதைவிட அதிகமாகவே தருகிறேன்."

என் தம்பி தூணில் சாய்ந்து கடற்காற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்த விதம் சரியாக இருந்தது. முந்தைய லெவாசாவும் அப்படித்தான் பார்ப்பார்.

சாமரம் மறுபடியும் இடது தோளுக்குப் போனது. மறுபடி ஊர் பேசியது. "லெவாசாவின் பெருந்தன்மையைக் கண்டு நாங்கள் தலை குனிகிறோம். தண்டத்தை ஏற்றுக்கொண்டோம். ஏற்றுக்கொண்ட தண்டத்தைக் கடல் கடந்து வந்த எங்கள் சம்பந்திகளுக்கே காணிக்கையாக்குகிறோம்."

எதிர் வீட்டில் கிழவர் லாயூ தொடையில் தட்டினார்.

"லெவாசா அவர்களே, இன்னொரு தடவை குறுக்கிடுங்க! எங்க கப்பல்ல இன்னும் இடம் இருக்கு" என்று கத்தினார்.

இரண்டு வீடும் சிரித்தன. துவாதோலோ சிரித்தார். எங்கள் சபைத் தலைவர்களில் ஒருவருக்குப் புரையேறி முதுகில் தட்ட வேண்டியிருந்தது. லெவாசா சிரிக்கவில்லை, அவர் முகத்தில் காற்று மட்டும் இருந்தது. அதற்காக அவரை நான் மெச்சினேன்.

சுவாங்கா கோலை ஊன்றி, விட்ட பெயரைத் தாண்டி, அடுத்த பெயரிலிருந்து தொடர்ந்தார். அதன் பிறகு யாரும் கை தூக்கவில்லை. முடித்ததும் அந்தப் பக்கத்துப் பெண்கள் எழுந்து, திடலின் நடுவில் வந்து பாய்களைப் பிரித்தார்கள். வெயிலில் அவை பளபளத்தன. விளிம்பில் சிவப்பு இறகு வைத்த பெரிய பாயை லூப்பேயின் காலடியில் போட்டார்கள். அப்போதுதான் அவள் ஒரு பெருமூச்சு விட்டாள். கொண்டையிலிருந்த சிப்பிகள் கிணுங்கின.

மெரிபா அடுப்பைத் திறந்தார். பன்றி கரியாகவில்லை, தோல் கொஞ்சம் முறுகியிருந்தது, அவ்வளவுதான். விலியாமு தேங்காய்ப்பாலில் வெந்த கீரைப் பொதிகளைக் கூடை கூடையாகத் தூக்கிக்கொண்டு ஓடினார். பாகம் பிரிக்கும்போது யாருக்கு எந்தப் பாகம் என்று அவருக்குச் சுவாங்காதான் சொல்லிக்கொடுத்தார். "இது உங்களுக்கு, அமைச்சரே. வாங்கிக்குங்க. செவ்வாய்க்கிழமை உங்க கேள்வி நேரத்துல இதை நான் ஞாபகம் வச்சுக்க மாட்டேன்."

"நானும் வச்சுக்க மாட்டேன்" என்றார் விலியாமு.

தேவாலயத்தில் மோதிரம் மாற்றியதும், பாதிரியார் நீளமாகப் பேசியதும், பிறகு இரண்டு ஊரும் சேர்ந்து ஆடியதும் மற்றக் கல்யாணங்களைப் போலத்தான். அதைச் சொல்லத் தேவையில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன். சாயங்காலம் விருந்தினர் எல்லோரும் குளிக்கப் போன பிறகு, என் தம்பியும் சுவாங்காவும் கடலோரப் பாறையில் உட்கார்ந்து கொக்கோ குடித்துக்கொண்டிருந்தார்கள். நான் அந்தப் பக்கமாகப் போனேன். இருவருக்கும் நடுவில் ஒரே ரொட்டி இருந்தது. எனக்கு அது போதுமாக இருந்தது.

அடுத்த வாரம் வாக்கெடுப்பு நடந்தது. சுவாங்கா எதிர்த்துப் பேசினார். திட்டத்தின் ஒவ்வொரு பக்கத்தையும் பிய்த்துப் போட்டார். எதிர்த்தே வாக்களித்தார். அரசாங்கம் பிழைத்தது, கொஞ்சத்தில். வெள்ளிக்கிழமைக் கப்பலில் இருவரும் ஒரே பெஞ்சில் வந்தார்கள்.

பட்டப் பெயர்களைச் சொல்லும்போது இப்போது என் தம்பிக்கு 'தண்டம் கட்டிய லெவாசா' என்று ஓர் அடைமொழி வந்துவிட்டது. வராமல் இருக்காது என்று எனக்குத் தெரியும். முதலில் கேட்டபோது முகம் சுளித்தேன். இப்போது சுளிப்பதில்லை. எந்தச் சபையிலும் அதைச் சொல்கிறவர்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்துதான் சொல்கிறார்கள். அதைக் கவனித்திருக்கிறேன்.

இன்னும் ஒன்று. வாக்கெடுப்புக்கு முன்னால் மக்கள் மனதைப் பிடிக்க, என் தம்பியும் சுவாங்காவும் கப்பலிலேயே பேசிவைத்துக்கொண்டு நடத்திய நாடகம் அது என்று ஆப்பியாவில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அப்படி எதுவும் இல்லை. ஊரின் மிகப் பெரிய பன்றி என்னுடையது. முன்கூட்டி என்னிடம் யாரும் கேட்கவில்லை.